ஒடிந்த கார் சாவியும் நான் தொலைத்த 19 நாட்களும்

சாவி ஒடிவதற்கு மூன்று மாதம் முன்பே எனக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. நான்தான் காதில் வாங்கவில்லை. பட்டனை அழுத்தினால் படக்கென்று விரியும் மடக்குச் சாவி அது. விரிந்த பிறகும் பிளேடு, அதாவது பூட்டுக்குள் நுழையும் உலோகப் பகுதி, விழப்போகும் பல்லைப் போல ஆடிக்கொண்டிருந்தது. இக்னிஷனில் திருப்பினால் முதலில் தலை திரும்பும், பிறகுதான் பிளேடு திரும்பும். போதாததற்கு, அதே வளையத்தில் வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, மேசை இழுப்பறைச் சாவி, நகவெட்டி, எந்தப் பூட்டுக்கு என்றே மறந்துபோன இரண்டு சாவிகள் என்று ஒரு கொத்தையே தொங்கவிட்டிருந்தேன். பார்க்கிறவர்கள் என்னைக் கருவூலக் காவலன் என்று நினைத்திருக்கலாம். வண்டி ஓடும் நேரம் முழுவதும் அந்தக் கனம் பிளேடின் கழுத்தில்தான் ஆடுகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கார் நான் இரண்டாவது கையாக வாங்கியது. விற்றவர் ஒரு சாவிதான் தந்தார். "இன்னொன்று வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேடி அனுப்புகிறேன்" என்றார். இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். புதுக் காரோடு சிறு தகட்டிலோ அட்டையிலோ சாவி எண் ஒன்று தருவார்கள். அதையும் நான் கேட்டு வாங்கவில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டாவது சாவியையும் அந்த எண்ணையும் கேளுங்கள். இல்லையென்றால் விலையில் குறைத்துக் கேளுங்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு, கட்டணம் செலுத்தி நிறுத்தும் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் அது நடந்தது. இக்னிஷன் சில வாரங்களாகவே இறுக்கமாகத்தான் இருந்தது. அன்றைக்கு இன்னும் இறுக்கம். ஸ்டீயரிங்கைச் சற்று அசைத்துக்கொண்டே திருப்பியிருக்க வேண்டும். நான் பசியிலும் அவசரத்திலும் மணிக்கட்டைக் கொடுத்துத் திருப்பினேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. காய்ந்த குச்சி ஒடிவதைப் போல ஒரு 'டிக்'. கையில் தலை இருந்தது, கொத்து இருந்தது, பிளேடின் அடிக்கட்டை மட்டும் இருந்தது. மீதி பூட்டுக்குள். வெளியே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அதன் முனை தெரிந்தது. ஒடிந்த இடத்தில் மேல்பூச்சு போய், பித்தளையின் மஞ்சள் நிறம் பளிச்சென்று மின்னியது. அதில் பாதி மட்டும்தான் மஞ்சள். மீதிப் பாதி கறுத்திருந்தது. அதாவது பாதி விரிசல் எப்போதோ விழுந்து, அழுக்கேறிக் கிடந்திருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை சாவியின் கழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்தவை எல்லாமே தப்பு. முதலுதவிப் பெட்டியில் ஒரு சாமணம் இருந்தது. அதன் நுனி தடிமன். துண்டைக் கவ்வ முயன்றபோது அது வழுக்கி, துண்டை உள்ளே தள்ளிவிட்டது. இரண்டு மில்லிமீட்டர் ஒன்றாகியது, பிறகு ஒன்றுமில்லை என்றாகியது. காரில் உடனடிப் பசை ஒன்றும் கிடந்தது. ஒரு குச்சியின் நுனியில் பசை தடவி, துண்டில் ஒட்டி இழுத்தால் என்ன என்று மூளை யோசனை சொன்னது. மூடி திறக்காமல் காய்ந்துபோயிருந்ததால் தப்பித்தேன். பசை ஒரு சொட்டு வழிந்து உள்ளே போனால் பூட்டின் உறுப்புகளே ஒட்டிக்கொள்ளும். சாவிச் செலவு பூட்டுச் செலவாகிவிடும். ஆகவே யாருக்காவது இப்படி நேர்ந்தால் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை தங்கம்; அதைக் கெட்டியாகப் பிடிக்கும் மெல்லிய மூக்குக் குறடு கையில் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

போனில் தேடிப் பிடித்த சாவி செய்பவர் ஒரு மணி நேரத்தில் வந்தார். வயதானவர், பேச்சு குறைவு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பூட்டை எட்டிப் பார்த்தார். "ஒடிந்தபோது திருப்பினீர்களா?" என்று கேட்டார். கொஞ்சம் திருப்பினேன் என்றேன். "அதுதான் விடமாட்டேன் என்கிறது" என்றார். பூட்டுக்குள் வரிசையாகச் சிறு தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கிறது. சாவி நேர் நிலையில் இருக்கும்போதுதான் அவை வழிவிடும். சற்றே திரும்பியிருந்தாலும் துண்டு வெளியே வராது, எவ்வளவு இழுத்தாலும். அவர் மெல்லிய திருப்புளியால் பூட்டின் முகத்தை மயிரிழை அளவு திருப்பி நேராக்கினார். பிறகு கொக்கி போல நுனி வளைந்த ஊசி ஒன்றை பிளேடின் பல் இடுக்கில் நுழைத்து மாட்டி, இழுத்தார். துண்டு வந்துவிட்டது. மொத்தம் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்கு முன்னால் நான் ஒன்றரை மணி நேரம் வியர்த்திருந்தேன்.

"இரண்டு துண்டையும் தலையையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கடைக்கு வாருங்கள் தம்பி. புது பிளேடு வெட்டி மாட்டித் தருகிறேன்" என்றார். தலை கெடவில்லை, பிளேடு மட்டும்தான் போயிற்று என்பதையும் அவரே சொன்னார். நான் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து, நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

போகவில்லை. முதலில் காரின் அதிகாரப்பூர்வச் சேவை மையத்தைக் கேட்டேன். முழுச் சாவியும் புதிதாக வரவழைக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும், காரை இழுத்து வந்து கணினியில் பதிய வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் மாதச் சம்பளத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பிளேடு மட்டும் மாற்றலாமே என்றேன். அப்படிச் செய்வதில்லை என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர்களுடைய பட்டியலில் சாவி என்பது ஒரே பொருள். ஆனால் நம் கையில் இருப்பது ஒரு பொருளில்லை. இந்த ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மடக்குச் சாவியின் தலைக்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்று, பிளேடு: வெறும் உலோகம், பூட்டைத் திருப்புவதோடு அதன் கடமை முடிந்தது. இரண்டு, ரிமோட்: கதவைத் திறந்து மூடும் சர்க்கியூட், நாணயம் போன்ற பேட்டரியில் ஓடுவது, பெரும்பாலும் 433 அல்லது 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுவது. மூன்றாவதுதான் சூட்சுமம்: டிரான்ஸ்பாண்டர் சிப். நெல்மணி அளவில் ஒரு கண்ணாடிக் குப்பியாகவோ, கறுப்பு ஆப்பு போன்ற ஒரு சிறு துண்டாகவோ இருக்கும். இதற்கு பேட்டரி தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது பொதுவாக 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் அனுப்பும் அலையிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். அடையாளம் சரியாக இருந்தால்தான் இம்மொபிலைசர், அதாவது காரின் திருட்டுத் தடுப்புக் கருவி, என்ஜினை ஓடவிடும். சில மாடல்களில் இந்த சிப் ரிமோட் சர்க்கியூட்டிலேயே பதிந்திருக்கும். பலவற்றில் தனியாக, பிளாஸ்டிக் கூட்டின் ஒரு மூலையில் செருகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. நான் முன்பு ஓட்டிய காரோ அதற்கும் மூத்தது. பல்லை அப்படியே வெட்டினால் போதும், ஓடும். என் அறிவும் அந்தக் காரோடு நின்றுபோயிருந்தது.

இதிலிருந்து வரும் நல்ல செய்தி: ஒடிந்தது பிளேடு மட்டும் என்றால், பழைய சிப்பும் ரிமோட்டும் உங்களிடமே இருப்பதால், கணினியில் எதையும் புதிதாகப் பதியத் தேவையில்லை. யாராவது பதிவுக்கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கெட்ட செய்தி பின்னால் வருகிறது.

பிளேடு மட்டும் தானே, இணையத்தில் சொற்பக் காசுக்குக் கிடைக்கிறதே, நானே மாட்டிவிடலாம் என்று இறங்கினேன். என் கார் மாடலைப் போட்டுத் தேடி, படத்தில் அச்சு அசலாக இருந்த, இன்னும் பல் வெட்டாத பிளேடு ஒன்றை வரவழைத்தேன். ஆறு நாள் கழித்து வந்தது. பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என்னுடையதில் பக்கவாட்டில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது, புதியதில் அது இல்லை. பள்ளம் இல்லாத பிளேடு பூட்டின் வாயிலேயே முட்டி நிற்கும். ஒரே மாடல் காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு இது மாறியிருக்கலாம். பெஜோ, சிட்ரோயன் கார்களில் விஏ2, எச்யு83 என்று இரண்டு வகை பிளேடுகள் புழங்குகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், ஒன்றில் மட்டும் பள்ளம் உண்டு. ஆகவே கார் பெயரை வைத்து வாங்காதீர்கள். கையில் இருக்கும் துண்டை வைத்து வாங்குங்கள். பிளேடின் இரண்டு பக்கத்தையும் முனையையும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். தலைக்குள் புதைந்திருக்கும் அடிக்கட்டையின் வடிவம், அதில் உள்ள துளை எங்கே இருக்கிறது, தடிமன் எவ்வளவு என்பதையும் பாருங்கள். பூட்டுக்குப் பொருந்தி, தலைக்குப் பொருந்தாத பிளேடுகளும் விற்கின்றன.

இரண்டாவதாக வரவழைத்தது சரியாக இருந்தது. அதற்கு இன்னொரு ஆறு நாள். இதற்கிடையே கார் நிலத்தடியில் நின்று தினமும் கட்டணத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் வாடகை வண்டியில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். வெளியே இழுத்துப் போகலாம் என்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருந்தது. தினமும் படுக்கப்போகும் முன் மனம் ஒரு கூட்டல் கணக்குப் போடும். அந்தக் கூட்டலில் ஒருபோதும் 'நான் அந்தப் பெரியவரிடம் போயிருக்கலாம்' என்ற வரி வராமல் பார்த்துக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். பிளேடைத் தலையோடு பிடித்து வைத்திருப்பது ரோல் பின் எனப்படும் சின்னஞ்சிறு ஊசி. ஊசி என்றாலும் அது திடமானதல்ல. எஃகுத் தகட்டைக் குழலாகச் சுருட்டியது. துளையைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும். நசுங்கி உள்ளே போய், விரியப் பார்க்கும் அழுத்தத்திலேயே நிற்கும். என்னுடையது ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய தடிமன். அதை வெளியே தட்ட, அதைவிட மெல்லிய, நுனி தட்டையான பஞ்ச் வேண்டும். என்னிடம் இருந்தது ஆணி. ஆணியின் கூர்நுனி குழலுக்குள் நுழைந்து அதை மேலும் விரித்து இறுக்கிவிட்டது. இரண்டாவது அடியில் ஆணி வளைந்தது. மூன்றாவது அடியில் சுத்தியல் வழுக்கி பிளாஸ்டிக் தலையில் விழுந்தது. மூலையில் ஒரு கீறல், கீறலிலிருந்து ஒரு விரிசல். நான் சர்க்கியூட்டைக்கூட வெளியே எடுத்திருக்கவில்லை. அதன் தலையிலேயே சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, திறந்தே பார்த்துவிடலாம் என்று கூட்டின் விளிம்பில் திருப்புளியைக் கொடுத்து நெம்பினேன். மடக்குச் சாவிக்குள் ஒரு ஸ்பிரிங் சுருட்டி முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கூடு பிரிந்த கணத்தில் அது துள்ளியது. பட்டன் ஒரு பக்கம், ஸ்பிரிங் ஒரு பக்கம், கூட்டின் அடிப்பாகம் என் மடிமீது கவிழ்ந்து தரையில் விழுந்தது. ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்தேன், பட்டனைத் தேடிப் பிடித்தேன். எல்லாம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். எத்தனை உறுப்புகள் இருந்தன என்று தெரியாதவனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டதாகத்தான் தோன்றும். திறப்பதற்கு முன் ஒரு படம், திறந்தவுடன் ஒரு படம், வெள்ளைத் துணி விரித்த ஆழமான தட்டுக்குள் வைத்துத் திறப்பது: இந்த மூன்றும் செய்திருந்தால் அடுத்த ஐந்து நாள் மிஞ்சியிருக்கும்.

விரிசலுக்கு டேப் சுற்றினேன். ரிமோட்டை அழுத்திப் பார்க்க, சர்க்கியூட்டையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு நிலத்தடிக்கே போனேன். கதவு திறந்தது. சாவி பிழைத்துக்கொண்டது என்று முடிவுகட்டினேன்.

மறுநாள், அலுவலகத்துக்குப் பக்கத்தில், சாவி நகல் எடுக்கும் ஒரு கடையில் புது பிளேடையும் இரண்டு துண்டையும் கொடுத்தேன். அந்த இயந்திரத்தில் ஒரு பக்கம் பழைய சாவியை வருடிச் செல்லும் முள், மறுபக்கம் வெட்டும் சக்கரம். முள் போகிற வழியிலேயே சக்கரமும் போகும். அந்த இளைஞர் இரண்டு துண்டையும் ஒட்ட வைத்து இறுக்கி வெட்டினார். ஒடியும்போது உலோகம் இழுபட்டு வளைந்திருக்கும் என்பதால் அவை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது; அந்த இடைவெளியும் நகலில் பதிவாகும். அதோடு, வருடக்கணக்காகத் தேய்ந்த சாவியின் நகல் என்பது தேய்மானத்தின் நகல்தான். கதவுப் பூட்டில் திரும்பியது. இக்னிஷனில் மசியவில்லை. பல கார்களில் கதவுப் பூட்டு எல்லாப் பற்களையும் சரிபார்ப்பதில்லை. இக்னிஷன்தான் கண்டிப்பான வாத்தியார். அங்கே பலம் போட்டுத் திருப்பாமல் நிறுத்தினேன் என்பது இந்தக் கதையில் நான் செய்த முதல் புத்திசாலித்தனம்.

பதினாறாம் நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்தப் பெரியவரின் கடைக்குப் போனேன். மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்: பழைய துண்டுகள், தவறான பிளேடு, தவறாக வெட்டிய பிளேடு, டேப் சுற்றிய தலை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஆணியா?" என்று மட்டும் கேட்டார். ஆணிதான் என்றேன். வாகனப் பதிவுச் சான்றையும் என் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார். கார் என்னுடையதுதானா என்று உறுதிசெய்யாமல் சாவி வெட்டுகிறவரை நம்பாதீர்கள். அவர் உங்கள் காருக்கும் யாருக்காவது வெட்டிக் கொடுத்துவிடுவார்.

பிறகு அவர் பழைய துண்டில் ஒவ்வொரு பல்லின் ஆழத்தையும் அளந்தார். கார் நிறுவனம் விருப்பப்படி ஆழம் வைப்பதில்லை. ஒரு வகைச் சாவிக்குச் சில நிலையான ஆழங்கள்தான். ஒவ்வொரு பல்லும் அவற்றில் ஒன்று. தேய்ந்த பல் எந்த ஆழத்தில் பிறந்திருக்கும் என்று கணித்துவிட்டால், சாவி தொழிற்சாலையில் எப்படி இருந்ததோ அப்படியே வெட்டலாம். அதைத்தான் 'கோட்', அதாவது குறியீட்டு எண், பார்த்து வெட்டுவது என்கிறார்கள். சாவி எண் உங்களிடம் இருந்தால் இந்தக் கணிப்பே தேவையில்லை. எண் தொலைந்தவர்கள் சேசிஸ் எண்ணையும் சான்றுகளையும் காட்டி டீலரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் கணித்த எண்களை ஒரு சீட்டில் எழுதி என்னிடமே கொடுத்தார். வெட்டி முடித்ததும் கம்பித் தூரிகையால் பிசிறு போக்கினார். "இந்த பிளேடு உங்கள் பழையதைவிடக் கனமாக இருக்கிறது, பரவாயில்லை" என்றார். சில மலிவு பிளேடுகள் துத்தநாகக் கலவை, கையால் வளைத்தாலே ஒடிந்துவிடும் என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து அப்படி ஒடிந்த நான்கைந்தைக் காட்டினார். பக்கவாட்டில் பாம்பு போலப் பள்ளம் வெட்டிய சாவிகளுக்கு வேறு இயந்திரம் வேண்டும், எல்லாக் கடையிலும் இருக்காது என்றும் சொன்னார்.

பிளேடு இக்னிஷனில் வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிப்பீர்கள். என்ஜின் பிடித்தது. இரண்டு நொடி ஓடியது. நின்றது. மறுபடி முயன்றேன், மறுபடி இரண்டு நொடி. முன்பலகையில் சாவி வடிவ விளக்கு ஒன்று வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. (சில கார்களில் ஸ்டார்ட்டரே சுற்றாது; என்னுடையது ஆசை காட்டி மோசம் செய்யும் வகை.) பெரியவருக்குப் போன் செய்தேன். "கூட்டைத் திறந்தபோது உள்ளே கறுப்பாக ஒரு துண்டு பார்த்தீர்களா?" என்றார். பார்க்கவில்லை. "அப்படியென்றால் உங்கள் வீட்டுத் தரை பார்த்திருக்கும்."

கதவு திறந்ததை வைத்துச் சாவி நன்றாக இருக்கிறது என்று நான் முடிவுகட்டியது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் உறைத்தது. ரிமோட் வேறு, சிப் வேறு. ஒன்று வேலை செய்வது மற்றதற்குச் சாட்சியல்ல. அன்றிரவு சாப்பாட்டு மேசையை நகர்த்தி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துத் தேடினேன். தரையில் கிடக்கும் சிறு பொருளைத் தேட இதுதான் வழி. வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் தெரியாது, பக்கத்திலிருந்து விழுந்தால் ஒவ்வொரு தூசிக்கும் நீண்ட நிழல் விழும். மூன்று நாளாகக் கூட்டிப் பெருக்கியிருந்த அறை அது. குப்பைப் பையையும் கொட்டிப் பார்த்தேன். அதிகாலை வரை இல்லை. பதினெட்டாம் நாள் மாலை, அலமாரியின் கால்களுக்கு இடையே, சுவரோரம், தூசிச் சுருளுக்குள் கிடந்தது: கறுப்பு நிறத்தில், ஒரு முனை சாய்ந்த, விரல் நகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுத் துண்டு. இதை நான் பார்த்திருந்தாலும் உடைந்த பிளாஸ்டிக் என்று எறிந்திருப்பேன்.

சிப்பைத் தலையில் செருகாமல், ஒரு பரிசோதனை செய்தேன். பிளேடை மட்டும் இக்னிஷனில் நுழைத்து, சிப்பை விரலிடுக்கில் பிடித்து, பூட்டின் வட்டத்தை ஒட்டி வைத்துக்கொண்டு திருப்பினேன். ஓடியது. நிற்கவில்லை. அந்தச் சுருள் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் சிப் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. இது தெரிந்திருந்தால் முதல் வாரமே, மாட்டாத பிளேடும் பழைய தலையுமாக வண்டியை வெளியே எடுத்திருப்பேன். புது பிளேடு வெட்டியதும் அதைத் தலையில் பொருத்துவதற்கு முன், தலையைப் பூட்டருகே பிடித்துக்கொண்டு இப்படிச் சோதித்துப் பாருங்கள். வெட்டு சரியா, சிப் உயிரோடு இருக்கிறதா என்ற இரண்டும் ஒரே திருப்பலில் தெரிந்துவிடும்.

பத்தொன்பதாம் நாள் பெரியவரிடமே ஒரு புதுக் கூடு வாங்கினேன். கூடு வாங்கும்போது பட்டன்களின் எண்ணிக்கையோடு பேட்டரி இடத்தையும் பாருங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்; சிஆர்1620 என்றால் 16 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர். எண்ணே அளவைச் சொல்லிவிடும். ஒன்றுக்கான கூட்டில் மற்றது உட்காராது. பெரும்பாலான கூடுகள் பல் வெட்டாத பிளேடோடும் ரோல் பின்னோடும்தான் வருகின்றன என்பதை அங்கேதான் பார்த்தேன். நான் தனித்தனியாக இரண்டு முறை வரவழைத்துக் காத்திருந்த பொருள், ஒரே பையில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் கணக்கு: நிறுத்தக் கட்டணமும் வாடகை வண்டியும் சேர்ந்து, சேவை மையம் முழுச் சாவிக்குக் கேட்ட தொகையைத் தாண்டியிருந்தன. பெரியவர் வாங்கிய கூலி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கையோடு இன்னொரு சாவியும் செய்து, சிப்பைப் பதிந்து வாங்கிக்கொண்டேன். ஓடும் சாவி ஒன்று கையில் இருக்கும்போது இரண்டாவதைப் பதிவது, ஒன்றுமே இல்லாதபோது பதிவதைவிடப் பல கார்களில் எளிது. பூட்டின் இறுக்கத்துக்கு எண்ணெய் விடப்போன என்னைத் தடுத்து, கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை ஊதினார். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம்.

சென்ற வாரம் என்னுடன் வேலை செய்யும் ஒருவர் தம் சாவியை மேசைமேல் போட்டார். எடுத்து விரித்து ஆட்டிப் பார்த்தேன். இப்போதெல்லாம் கேட்காமலேயே செய்துவிடுகிறேன். ஆடியது. ரோல் பின் பாதியளவு வெளியே வந்திருந்தது, பிளேடில் விரிசல் இல்லை. மதிய இடைவேளையில் உட்கார்ந்தோம். தட்டில் துணி விரித்து, பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கூட்டைத் திறந்தேன். சர்க்கியூட்டையும் பேட்டரியையும் முதலில் வெளியே வைத்தேன், சிப்பை ஒரு சிறு உறைக்குள் போட்டு அவர் சட்டைப் பையிலேயே வைக்கச் சொன்னேன். துளையிட்ட மரக்கட்டையின் மேல் தலையை வைத்து, சரியான பஞ்சால் மெல்லத் தட்டினேன். ரோல் பின் துளை வழியே கீழே விழுந்தது. புதுப் பின்னை மூக்குக் குறட்டால் பிடித்து முனையை மட்டும் நுழைத்து, பாக்கியை இறுக்கியில் (வைஸ்) வைத்து அழுத்தினேன். மூடுவதற்கு முன் ஸ்பிரிங்கை ஒரு சுற்றுக்கு மேல் முறுக்கி வைத்தேன். முறுக்காமல் மூடினால் பிளேடு பாதி விரிந்து சோம்பலாகத் தொங்கும். இருபது நிமிடம் ஆயிற்று. அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "இதில் என்ன இருக்கிறது, இவ்வளவு பத்திரமாகக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.